அக்காவுக்குக் காட்ட வேண்டிய பதினோரு இடங்கள்

1

இன்று காலை குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனபோது ஹென்க் சைக்கிளை நிறுத்தினார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம் வைத்து மாடு வளர்க்கிறவர். ஹாலந்தில், ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஊரில் நாங்கள் வீடு வாங்கி ஒன்பது வருடமாகிறது. ஒன்பது வருடமும் அவர் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் பழக்கம். இன்று ஒரு காலை ஊன்றி நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, தானாகவே கேட்டார்: “உங்க அக்கா எப்படி இருக்காங்க? அடுத்த மாசம் அவங்களுக்குத் தண்ணி வந்துடுமா?”

அக்கா வந்துவிட்டுப் போய் சரியாக ஒரு வருடம். அவள் என்னோடு இருந்தது ஒரே ஒரு பகல். “வந்துடும்னு நினைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. போட்ட காப்பியைக் குடிக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள், வெளிநாட்டில் வசதியாக இருக்கிறவளுக்கு என்ன குறை என்பார்கள். குறை ஒன்றும் இல்லை. எனக்கு என் அக்காவின் மேல் பொறாமை, விஷயம் அதுதான். நாற்பத்தைந்து வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, ராத்திரியில் கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியிலிருக்கிற ஊரையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். அப்பாவுக்கு ஒரு வேலி நிலம், அதாவது ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு; எஸ்தர், லில்லி என்று இரண்டு பெண்கள். நான் லில்லி. படிக்கிற பிள்ளை என்று ஆறாவதிலேயே என்னைத் தஞ்சாவூரில் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளான அக்கா ஊரிலேயே படித்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர ஜூன் கடைசியாகும், சில வருடம் ஜூலைகூட ஆகும். அதனால் புதுத்தண்ணீர் வந்து நான் ஒரு வருடமும் பார்த்ததில்லை. அப்பா அக்காவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்புக்குப் போவார். சருகும் நுரையுமாகத் தண்ணீர் ஊர்ந்து வர, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் அதன் கூடவே நடந்து ஊருக்கு வருவார்களாம். அக்கா எனக்குக் கடிதத்தில் எழுதுவாள். “அப்பா என் செருப்பைக் கழட்டச் சொன்னாங்க, தண்ணி முதல்ல என் கால்லதான் பட்டுது” என்று ஒரு கடிதம். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு நான்கு நாள் பதில் போடவில்லை. பிறகு கணக்கில் நூறு வாங்கியதாக எழுதினேன். உண்மையில் எண்பத்தெட்டு.

அக்கா பிளஸ் டூ முடித்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவள் நின்றுவிட்டாள். நான் கல்லூரிக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டு ஹாலந்துக்கும் வந்தேன். “பெரியவ விட்டுக்கொடுத்தா, சின்னவ மேல வந்தா” என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் அப்பா பேச்சு வராமல் கட்டிலில் கிடந்த காலத்தில் அவர் விரலை அசைத்தால் எந்த வயலைக் கேட்கிறார் என்று அவளுக்குத்தான் தெரியும். லீவில் போய் நான் எதிரில் நின்றால் அவர் கண் என்னைத் தாண்டி அவளைத் தேடும். ஊர் பார்வைக்கு அவள் கொடுத்தவள். எனக்கு அவள் எடுத்துக்கொண்டவள்.

எனவே எனக்கு ஒரு ஆசை. ஒரே ஒரு தடவை அவள் என்னைப் பார்த்து, என் வாழ்க்கையைப் பார்த்து, ஏங்க வேண்டும்.

3

போன வருடம் மே மாதம் அதற்கு வாய்ப்பு வந்தது. அக்காவின் பையன் சென்னையில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவைப் பத்து நாளில் ஏழு நாடு காட்டுகிற சுற்றுலாவில் ஏற்றிவிட்டான். அத்தானுக்கு சீர்காழியில் உரக்கடை, விட்டுவிட்டு வர முடியவில்லை. ஆறு நாடு முடித்து ஹாலந்துக்கு வரும்போது அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அந்த நாளை எனக்குத் தரும்படி கேட்டு வாங்கினேன்.

எனக்கு அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிற வேலை. எதற்கும் கட்டம் போட்டு அட்டவணை தயாரிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அக்காவின் நாளுக்கும் போட்டேன். காலை ஏழு மணிக்கு ஓட்டல். எட்டுக்கு டியூலிப் தோட்டம். பிறகு பாலாடைக்கட்டிப் பண்ணை, கடற்கரை, உலக நீதிமன்ற வாசலில் ஒரு போட்டோ, நாட்டையே சின்னதாகச் செய்து வைத்திருக்கிற பூங்கா, பீங்கான் கடை, சாப்பாட்டுக்கு எங்கள் வீடு, காற்றாலைகள், கூரையெல்லாம் பழம் வரைந்த சந்தை, கோபுரம், கடைசியில் படகு. மொத்தம் பதினோரு இடம். எங்கள் வீட்டையும் ஏழாவது இடமாக எண்ணிக்கொண்டேன். அதுதான் எனக்கு முக்கியமான இடம்.

பதினைந்து வயது மகள் ரூத்தும் வந்தாள். வருவதற்கு என்னிடம் புது ஹெட்போன் வாங்கிக்கொண்டாள். நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிறவள், அதுவும் பாதி வார்த்தையில். காரில் ஏறினதும் அக்கா, “என்னடி குட்டி, பெரியம்மாவைத் தெரியுதா?” என்றாள். ரூத் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “தெரியுது பெரியம்மா, நீங்க போன்ல இருக்கறத விட குள்ளமா இருக்கீங்க” என்றாள். தமிழில். முழு வாக்கியம்.

டியூலிப் தோட்டத்தில் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். சேலைக்குக் கீழே பையன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு அக்கா நடந்தாள். ஆறு நாடு நடந்து கால் வீங்கியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பாத்தி பாத்தியாகப் பூ. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். “நல்லாருக்குடி. எங்கயாச்சும் உக்காரலாமா?” என்றாள்.

கடற்கரையில் பதினைந்து நிமிடம். “இதே கடலுதானே நம்மூர்லயும்” என்றாள். நீதிமன்ற வாசலில் போட்டோ எடுக்கும்போது கண்ணை மூடிவிட்டாள். மூன்று தடவை எடுத்தும் மூன்றிலும் மூடிய கண்தான். சின்னப் பூங்காவில் முழங்கால் உயரத்துக்கு இருக்கிற கோயில், பாலம், ரயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் இங்கயே ஒரே எடத்துல செஞ்சு வச்சிருக்கானே லில்லி, அப்புறம் ஏன் நாம ஊர் ஊரா ஓடணும்?” என்று கேட்டாள். ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருந்தோம்.

பீங்கான் கடையில் எனக்கு எப்போதும் நடப்பதுதான் நடந்தது. இங்கே வந்த பதினேழு வருடத்தில் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, கஷ்டப்பட்டுக் கற்ற டச்சில் நான் விலை கேட்டேன். கடைப்பெண் என் முதல் சொல்லைக் கேட்டதுமே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். அக்கா ஒரு நீலத் தட்டைக் கையில் எடுத்து, “இதுல சோறு போட்டுத் திங்கலாமா, இல்ல பார்க்க மட்டுந்தானா?” என்று நேராகத் தமிழில் அவளையே கேட்டாள். அந்தப் பெண் தலையை ஆட்டி, சிரித்து, சாப்பிடுகிற மாதிரி ஜாடை காட்டினாள். அதற்குமேல் பேச இருவருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

4

வீட்டுக்குப் போனோம். வாசல், சமையலறை, மாடி அறைகள், கண்ணாடிக் கதவு எல்லாம் காட்டினேன். அக்கா மாடிப்படியைப் பார்த்து, “ஏணி மாதிரி செங்குத்தா இருக்கே, பார்த்து எறங்குடி” என்றாள். அது ஒன்றுதான் சொன்னாள். மனசுக்குள் கறுவிக்கொண்டே மீன் வறுக்கப் போனேன். அக்காவும் ரூத்தும் பின்பக்கம் காற்று வாங்கப் போனார்கள்.

எங்கள் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. நிறைய தண்ணீர் நிற்கும், வாத்து நீந்தும். அதன் ஓரத்தில் சிமெண்டுக் கட்டை ஒன்றில் பலகைகள் செருகியிருக்கும். அந்தப் பக்கம் பள்ளத்தில் ஹென்க்கின் மேய்ச்சல் நிலமும் அதற்கொரு சின்ன வாய்க்காலும். அது என்ன கட்டை என்று நான் கேட்டதே இல்லை. அதன் மேல் இரண்டு வருடமாக ஒரு பூந்தொட்டி வைத்திருந்தேன்.

மீனைத் திருப்பிப் போடும்போது சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூந்தொட்டி தரையில் இருந்தது. அக்கா ஷூவைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேல் பலகையின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். இன்னொரு முனையில் ரூத். பலகை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் ஹோவென்று பள்ளத்துக்குப் பாய்ந்தது.

கரண்டியோடு ஓடினேன். “என்னக்கா பண்றே?”

“மேல இத்தனை தண்ணி நிக்குது, கீழ பாரு, தரை தட்டிக் கெடக்கு. மேலக்காரன் பலகையப் போட்டு அடைச்சுட்டான்டி. கீழ மாடு வச்சிருக்கறவன் என்ன பண்ணுவான்? பாவம், கடைமடைக்காரன்.”

எங்கள் சீர்காழிப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேல்பகுதிக்காரர்கள் அடைத்தால் கடைமடைக்காரர்கள் விடியற்காலையில் போய்த் திறந்துவிடுவார்கள். சண்டை வரும், போலீஸ் வரும், பிறகு சமாதானம் ஆகும். அக்கா இதை நூறு தடவை செய்திருப்பாள். அவள் கை யோசிக்கவே இல்லை.

அதற்குள் மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடியிலிருந்து “நே! நே! நே!” என்று, கூடாது கூடாது என்று டச்சில் கத்திக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று, ஹென்க் ஓடி வந்தார். பலகையைப் பிடுங்கிச் செருகினார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. நான் டச்சில் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் அவர் ஆங்கிலத்தில், “யார் இவர்?” என்றார்.

அக்கா ரூத்தின் தோளைத் தட்டினாள். “அவர்ட்ட சொல்லு குட்டி. அவருக்காகத்தான் தொறந்தேன். நானும் கடைசியில இருக்கறவதான், அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும்னு சொல்லு.”

ரூத் சொன்னாள். ஹென்க் பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு பொறுமையாக, விரலை மேலும் கீழும் காட்டி விளக்கினார். ரூத் தடுமாறித் தடுமாறித் தமிழில் திருப்பினாள். இந்த நிலம் கடலை விடத் தாழ்வு. தண்ணீர் தானாகவே வந்துகொண்டே இருக்கும். அதைப் பள்ளத்திலிருந்து மோட்டார் வைத்து மேல் வாய்க்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து ஆற்றுக்கு ஏற்றி, கடலில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பலகையை எடுத்தால், அவர் ராத்திரி பகலாக வெளியேற்றிய தண்ணீர் எல்லாம் திரும்ப அவர் தலையிலேயே.

அக்கா கரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். “நல்ல தண்ணியடி இது? இத மோட்டார் போட்டுத் தொரத்துறாங்களா? கடலுக்கா?”

“ஆமா பெரியம்மா. காத்தாலையெல்லாம் இதுக்குத்தான் கட்டினாங்க” என்றாள் ரூத்.

இது எனக்கும் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். குடியுரிமைப் பரீட்சையில் தண்ணீர் வாரியம் என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி இருந்தது. மூன்று விடையில் சரியானதைக் குறித்துத் தேறினேன். கைரேகை வைத்தேன், கொடிக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொன்னேன், கேக் சாப்பிட்டேன். வருடா வருடம் வாரியத்திலிருந்து வரும் கடிதத்தையும் பிரித்துக் கோப்பில் வைக்கிறேன். அந்தத் தண்ணீர் என் பூந்தொட்டிக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

5

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கியும் நிற்கவில்லை. ஹென்க்கும் என்னவென்றே தெரியாமல் சிரித்தார். “மோட்டாரைக் காட்டச் சொல்லுடி குட்டி” என்றாள். மூன்று பேரும் வேலியைத் தாண்டிப் போனார்கள். மீன் கருகிவிட்டது.

காற்றாலைக்கு இரண்டரை மணிக்கு டிக்கெட். இரண்டேகாலுக்குப் போய்க் கூப்பிட்டேன். மோட்டார் கொட்டகை வாசலில் அக்கா குந்தி உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். இது ஆறு, இது தலைப்பு, இது எங்க வாய்க்கால், இங்க கடல். ஐப்பசி கார்த்திகையில் எங்களுக்கும் இதே கதைதான், வடிகால் தூர்ந்து கிடக்கும், பயிர் மூழ்கி நிற்கும், அப்போது இந்த மோட்டார் இருந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹென்க் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, குச்சியை வாங்கி அவரும் ஒரு கோடு போட்டார். ரூத் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து மொழிபெயர்த்தாள். ‘வடிகாலு’க்கு டச்சில் என்ன என்று தெரியாமல் கையால் செய்து காட்டினாள். அவள் கழுத்தில் ஹெட்போனைக் காணவில்லை.

“அக்கா, டிக்கெட் போயிடும்” என்றேன்.

“இரு லில்லி, ஒரு நிமிஷம். முக்கியமா பேசறோம்.”

அந்த ஒரு நிமிடம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ரூத் வீட்டுக்கு ஓடி வந்து ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். என்ன என்று பார்த்தால், அக்கா எனக்காகச் சுட்டு, ஏழு நாடு பெட்டியில் வைத்துச் சுமந்து வந்த கை முறுக்கு. ஹென்க்குக்குக் கொடுக்கவாம். எனக்கே இன்னும் ஒன்றுகூடத் தரவில்லை. அவர் பதிலுக்குத் தன் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்தார். அதுவரை எட்டு வருடத்தில் எங்களுக்கு அவர் வீட்டுக் கதவின் நிறம் மட்டும்தான் தெரியும்.

நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து போனில் டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாலை முடிந்தது. கோபுரம் முடிந்தது. படகுக்கு இன்னும் அரை மணி இருந்தபோதே அதுவும் முடிந்ததாக எனக்குத் தெரிந்துவிட்டது. வயிறு எரிந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹென்க் மேல், அவள் தோளில் கை போட்டிருந்த என் மகள் மேல், மண்ணில் கோடு போடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன அப்பா மேல்கூட.

6

ஆறு மணிக்கு அவளை ஓட்டலில் விடக் கிளம்பினோம். மறுநாள் விடியற்காலை அவளுக்கு விமானம். ரூத் பின் சீட்டில் படுத்த உடனே தூங்கிவிட்டாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்தது. நான் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன்.

“ஒரே ஒரு நாள் கெடச்சுது எனக்கு. பதினோரு இடம் போட்டு வச்சிருந்தேன். ஏழோட நின்னுபோச்சு. அந்த ஏழையும் பார்த்து ‘உக்காரலாமா’ன்னு கேட்டியே தவிர, நீ நல்லா வாழறே லில்லின்னு உன் வாயால ஒரு வார்த்தை வந்துச்சா? என்னப் பார்த்தா உனக்கு ஒண்ணுமே தோணலையாக்கா?” ஹாஸ்டல் படியில் உட்கார்ந்திருந்த பிள்ளையே கேட்பது போல் இருந்தது, எனக்கே வெறுப்பாக வந்தது.

அக்கா ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைச் சீட்டின் மேல் மடித்து வைத்திருந்தாள். வீங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே மழை விழுகிற முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

“தோணாம என்னடி? இப்பக்கூடத் தோணுது. வயிறு எரியுது” என்றாள்.

சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். “எதப் பார்த்து?”

“மழை வந்துச்சு. நீ பேசிக்கிட்டே கையால அதத் தட்டி விட்டே.” வைப்பரைக் காட்டினாள். “அவ்வளவுதான் உனக்கு மழை. எனக்கு எந்த மாசம் பேஞ்சாலும் அடிவயிறு கலங்கும். விதை தெளிச்சிருக்கறப்ப பேயலைன்னா போச்சு, அறுக்கறப்ப பேஞ்சா போச்சு. இந்தப் பத்து நாளும் எந்த ஊர்ல தூறல் விழுந்தாலும் திடுக்குனு எந்திரிச்சு உக்காந்தேன். அப்புறந்தான் நம்ம வயல் இங்க இல்லைன்னு ஞாபகம் வரும். இந்த முப்பது வருஷத்துல ஒரே ஒரு மழையாச்சும் உன்ன மாதிரி பார்க்கணும்னு இருக்குடி. முடியலையே.”

முப்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. அக்காவுக்கு என் மேல் பொறாமை. அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், பொய் சொல்லத் தெரியாதவள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மழை கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது, வைப்பர் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு மழைக்குத் திடுக்கிட்டு எழுந்து உட்கார இவளுக்கு ஏதோ ஒன்று இருக்கிறதே என்று, அவள் பொறாமைப்பட்ட அந்த நிமிடத்திலேயே எனக்கு அவள் மேல் முன்பைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஓட்டல் தெரு சிக்னலில் நிறுத்தினேன்.

“என்னடி, பேச்சையே காணோம்?” என்றாள் அக்கா.

“சிவப்பு விளக்குக்கா” என்றேன். விளக்கு பச்சையாகி நேரமாகிவிட்டிருந்தது. யாரும் ஹாரன் அடிக்காத இந்த ஊரில் பின்னால் இருந்தவர் அடித்தார்.